உப்பும் சாம்பலும் படியும் கூரையில் சூரிய மின்சாரம்

வடசென்னையில் கூரைச் சூரிய மின்சாரத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது மொட்டை மாடியை அன்று, கடந்த ஓராண்டின் மின்கட்டணக் கணக்கை. எத்தனை தகடுகள் பொருத்தலாம் என்பதை மாடியின் பரப்பு சொல்லும். எத்தனை பொருத்தினால் போட்ட பணம் திரும்பி வரும் என்பதைக் கட்டணக் கணக்கு மட்டுமே சொல்லும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர் எனக் கடலை ஒட்டி நீளும் பகுதிக்கு இவ்விரண்டோடு மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. கடலின் உப்புக்காற்றும், அனல்மின் நிலையங்களின் சாம்பலும், ஆலைகளின் புகையும் ஓயாது படியும் இடத்தில், 25 ஆண்டுகள் உழைக்க வேண்டிய ஓர் அமைப்பு எந்த உலோகத்தில் செய்யப்பட்டிருக்கிறது என்பதே அது. இவ்வத்தியாயம் இம்மூன்றையும் ஆராய்கிறது.

கட்டணம் ஏறும் விதம்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கான மின் கணக்கீடு இரு மாதங்களுக்கு ஒரு முறை நடக்கிறது. ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட் எனப்படும். முதல் 100 யூனிட்டுகள் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. அதற்கு மேல் பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுகிறது. இந்தப் படிகளே பேச்சு வழக்கில் ஸ்லாப் எனப்படுகின்றன. எட்டு ஆண்டுகளாக மாறாதிருந்த கட்டணம் 2022 செப்டம்பரில் உயர்த்தப்பட்டது. விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் ஜூலையில் திருத்திக்கொள்ளவும் அப்போதே வழி செய்யப்பட்டது. 2024 ஜூலை முதல் நுகர்வோர் செலுத்தும் கட்டணத்தையே இவ்வத்தியாயத்தின் கணக்குகள் அடிப்படையாகக் கொள்கின்றன. புதிய ஆணை வந்திருந்தால் எண்களை மாற்றிக்கொண்டு அதே முறையில் கணக்கிட வேண்டும்.

இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய் வசூலிக்கப்படுகிறது. பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால், இரண்டாவது நூறுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை பறிபோய், 101 முதல் 400 வரை முழுவதுக்கும் 4.70 ரூபாய் ஆகிறது. 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55 ரூபாய் என விலை ஏறுகிறது. 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,805 ரூபாய் கட்டணம் வரும். 501 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு வரும். கூடுதலாகச் செலவான ஒரே ஒரு யூனிட்டுக்காக அவ்வீடு 243 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறது. 800 யூனிட்டுக்குக் கட்டணம் 4,770 ரூபாய். 1,000 யூனிட்டுக்கு 6,870 ரூபாய்.

கோடையில் ஒரு குடும்பத்தின் கணக்கு சட்டென்று எகிறுவதற்குக் காரணமும் இதுவே. 350 அல்லது 400 யூனிட்டில் நிற்கும் வீட்டில் ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று நாள்தோறும் எட்டு மணி நேரம் ஓடினால், கருவியின் தரத்தைப் பொறுத்து இரு மாதங்களில் 400 முதல் 600 யூனிட் வரை கூடும். அவ்வளவும் படிக்கட்டின் மேல் படிகளிலேயே சேரும். ஏ.சி. இல்லாத வீடுகளிலும் இந்த நிலை வருவதுண்டு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை போன்ற இடங்களில் ஒரே இணைப்பின் கீழ் மூன்று நான்கு குடித்தனங்கள் வாழும் பழைய வீடுகள் ஏராளம். தனித்தனியே பார்த்தால் 200 யூனிட்டைத் தாண்டாத குடும்பங்கள், ஒரே மீட்டரில் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், வசதி படைத்தவர்களுக்கான விலையைக் கொடுக்கின்றன. தகடுகளைப் பற்றி யோசிக்கும் முன், சமையலறையும் வாயிலும் தனித்தனியாக உள்ள குடித்தனங்களுக்குத் தனி இணைப்பு பெற முடியுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரிப்பதே அத்தகைய வீடுகளுக்கு முதல் வேலை.

தகட்டுக்கு முன் மின்விசிறி

சூரியத் தகட்டை விட விரைவாகப் பணத்தைத் திருப்பித் தரும் மாற்றங்கள் வீட்டுக்குள்ளேயே உள்ளன. பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும் புதிய வகை மோட்டார் கொண்ட விசிறி 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தரும். நாளுக்குப் பதினாறு மணி நேரம் சுழலும் விசிறி ஒன்றை மாற்றினால் இரு மாதங்களில் 43 யூனிட் மிச்சம். மூன்று விசிறிகளுக்கு ஏறத்தாழ 130 யூனிட். 560 யூனிட் செலவழித்து 2,544 ரூபாய் கட்டும் வீடு இதனால் 430 யூனிட்டுக்கு இறங்கி 1,364 ரூபாய் கட்டும். ஒரு கணக்கீட்டுக்கு 1,180 ரூபாய் குறைவதால், மூன்று விசிறிகளின் விலை ஒன்றரை ஆண்டுக்குள் ஈடாகிவிடும். கதவின் ரப்பர் தளர்ந்த பழைய குளிர்சாதனப் பெட்டி, இரவும் பகலும் கொதிநிலையில் விடப்படும் கீசர், நீர் கசிவதால் அடிக்கடி ஓடும் மோட்டார் ஆகியவற்றையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் தகடு வாங்கும் குடும்பம், வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துத் தகடு வாங்குகிறது.

எந்த அளவு போதும்

கதிரவ ஒளி படும்போது மின்சாரம் தரும் சிலிக்கான் தகடுகள் நேர் மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. அதை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்ற மாறு மின்னோட்டமாக இன்வெர்ட்டர் மாற்றுகிறது. பகலில் வீட்டின் தேவைக்கு மிஞ்சியது தெருவின் மின்கம்பிக்குப் போகிறது; இரவில் தேவையானது அங்கிருந்து வருகிறது. போனதையும் வந்ததையும் தனித்தனியே பதியும் இருவழி மீட்டர் நெட் மீட்டர் எனப்படும். வந்ததிலிருந்து போனதைக் கழித்து மிஞ்சும் யூனிட்டுகளுக்கே கட்டணம் கணக்கிடப்படுகிறது. அனுப்பியது கூடுதலாக இருந்தால் அடுத்த கணக்கீட்டுக்கு வரவாக எடுத்துச் செல்லப்படுகிறது. மின்வலையைப் பயன்படுத்துவதற்கென ஒழுங்குமுறை ஆணையம் அவ்வப்போது விதிக்கும் கட்டணம் தம் இணைப்புக்குப் பொருந்துமா என்பதை விண்ணப்பிக்கும் முன் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிந்து கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையின் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். பிப்ரவரி முதல் மே வரை இது கூடும். வடகிழக்குப் பருவமழையின் மேகம் கவிந்த அக்டோபர், நவம்பர், டிசம்பரில் கணிசமாகக் குறையும். வடசென்னையின் தூசியையும் கருதி, ஒரு கிலோவாட்டுக்கு இரு மாதங்களில் 220 யூனிட் என்று சற்றுக் குறைத்தே வைத்துக்கொள்வது நல்லது. தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பநிலையில் அளக்கப்படுவது. கத்திரி வெயிலில் தகட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும்போது, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை உற்பத்தி குறைவதால், வெயில் மிகுந்த நாளே உற்பத்தி மிகுந்த நாள் என்று கொள்ள முடியாது.

செலவுக் கணக்கில் மத்திய அரசின் மானியம் முக்கியமானது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பி.எம். சூர்ய கர் திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும் மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் வழங்குகிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய அமைப்பானாலும் மானியம் 78,000 ரூபாயோடு நின்றுவிடும். சூரியக் கருவிகள் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால், அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டும் நிறுவனத்திடம் புதிய பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும்.

எடுத்துக்காட்டாக, எல்லாக் கணக்கீட்டிலும் 800 யூனிட் செலவழிக்கும் வீடு ஒன்று 1,30,000 ரூபாய்க்கு இரண்டு கிலோவாட் அமைப்பை நிறுவுவதாகக் கொள்ளலாம். மானியம் போகக் கைச்செலவு 70,000 ரூபாய். 440 யூனிட் கழிந்து 360 யூனிட்டுக்கே கட்டணம் என்பதால், 4,770 ரூபாய்க் கணக்கு 987 ரூபாயாகிறது. ஆண்டுக்கு 22,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகி, மூன்று ஆண்டுகளைச் சற்றுத் தாண்டியதும் முதல் திரும்பிவிடும். அதே வீடு மூன்றாவது கிலோவாட்டையும் சேர்த்தால் கட்டணம் 94 ரூபாய்க்கு இறங்கும். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது கணக்கீட்டுக்கு 893 ரூபாய் மட்டுமே. அதற்கென 55,000 ரூபாய் செலவாகி 18,000 ரூபாய் மானியமாக வந்தால், மீதி 37,000 ரூபாய் திரும்ப ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். முதல் இரண்டு கிலோவாட் 9.45 ரூபாய், 8.40 ரூபாய் யூனிட்டுகளை வெட்டுகின்றன. மூன்றாவது, அரசு ஏற்கெனவே மலிவாகத் தரும் யூனிட்டுகளை வெட்டுகிறது. மாடி முழுவதையும் தகடுகளால் நிரப்பச் சொல்லும் ஆலோசனை விற்பவருக்கு நன்மையாக இருக்கலாம். வீட்டாருக்கு நன்மை தருவது தம் கணக்கின் மேல் படிகளை மட்டும் வெட்டிவிடும் அளவே.

விற்பனைப் பேச்சில் மறைந்துவிடும் இன்னொன்றும் உண்டு. கோடைக் கட்டணத்தை ஆறால் பெருக்கி ஆண்டுச் செலவாகக் காட்டுவது வழக்கம். உண்மையில் பல வீடுகள் ஆறு மாதங்களுக்கு 800 யூனிட்டும் எஞ்சிய ஆறு மாதங்களுக்கு 400 யூனிட்டுமாகச் செலவழிக்கின்றன. அத்தகைய வீட்டுக்கு அதே இரண்டு கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு 15,000 ரூபாய் அளவிலேயே மிச்சம் தரும். முதல் திரும்ப ஐந்து ஆண்டுகள் நெருங்கும். அதுவும் நல்ல முதலீடே. ஆனால் கடன் வாங்கி நிறுவுவோர் மாதத் தவணையை இந்த உண்மை எண்ணை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இரு மாதங்களுக்கு 300 யூனிட் செலவழித்து 705 ரூபாய் கட்டும் குடும்பத்துக்கு, ஒரு கிலோவாட் அமைப்பின் கைச்செலவான 40,000 ரூபாய் திரும்ப ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், அது அவசரப்பட வேண்டியதில்லை.

உப்பு, அமோனியா, சாம்பல்

நகரின் தென்பகுதிக்கு எழுதப்படும் வழிகாட்டிகள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடும் பகுதி இது. வடசென்னைக்கோ இதுவே தலையானது.

தமிழ்நாட்டின் மின்தேவைக்காக இப்பகுதி நெடுங்காலமாகச் சுமை சுமந்திருக்கிறது. 1970-களில் கட்டி முடிக்கப்பட்டு 450 மெகாவாட் திறனோடு இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அத்திப்பட்டை ஒட்டிய வடசென்னை அனல்மின் நிலையத்தில் 630 மெகாவாட் முதல் கட்டமும், 1,200 மெகாவாட் இரண்டாம் கட்டமும், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் மூன்றாம் கட்டமும் உள்ளன. அருகிலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் இயங்குகிறது. இவற்றுக்கு நிலக்கரி இறக்கவே காமராசர் துறைமுகம் உருவானது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்த சாம்பலால் மீனவர்கள் இழந்த வாழ்வாதாரம் இந்நூலின் வேறு அத்தியாயத்துக்கு உரியது என்றாலும், அதே சாம்பல் காற்றில் பறந்து வந்து கூரைத் தகட்டின் மேல் படிகிறது என்பதை இங்கே சொல்லாமல் விட இயலாது. மாநிலத்துக்கெல்லாம் விளக்கேற்றும் ஊரின் மக்களே, அந்த விளக்குகளின் புகையைச் சுவாசித்துக்கொண்டு, அதே ஸ்லாப் கட்டணத்தையும் கட்டுகிறார்கள். இவர்களின் கூரைகள் சூரிய மின்சாரத்துக்கு மாற முதலில் உதவி பெற வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நீதிமன்ற உத்தரவின் பேரில் 2011-இல் நிறுத்தப்பட்ட பின் ராயபுரத்தில் கரித்தூசி குறைந்தது. எண்ணூர்ப் பக்கம் அந்தச் சுமை கூடியது. ஆகவே ஒரே அளவுத் தகடு ராயபுரத்தில் தேவைப்படுத்தும் பராமரிப்பும் கத்திவாக்கத்தில் தேவைப்படுத்தும் பராமரிப்பும் ஒன்றாக இரா.

வெறும் மண் தூசி மழையில் கழுவிப் போய்விடும். நுண்ணிய நிலக்கரிச் சாம்பலோ பனியில் நனைந்து காய்ந்ததும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். தகட்டின் கீழ்ச் சட்டத்தை ஒட்டிய ஓரத்தில் முதலில் ஒரு கோடாகத் தொடங்கி, அந்த வரிசையிலுள்ள செல்களை மறைத்து, மறைந்த பரப்பின் அளவுக்கு மீறிய இழப்பை உண்டாக்கும். அனல்மின் நிலையங்களுக்கு அருகில் வாரம் ஒரு முறையும், திருவொற்றியூரில் பத்து நாளுக்கு ஒரு முறையும், ராயபுரத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறையும் துடைப்பது தொடக்கக் கால ஒழுங்காக இருக்கலாம். பின்னர் இன்வெர்ட்டரின் செயலி காட்டும் அன்றாட உற்பத்தியைப் பார்த்து இடைவெளியை மாற்றிக்கொள்ளலாம். போகிப் புகைக்குப் பின்னரும் கட்டாயம் ஒரு முறை கழுவ வேண்டும். கழுவும் நேரம் விடியற்காலையாக இருக்க வேண்டும். சூடேறிய கண்ணாடியில் குளிர்நீர் பட்டால் விரிசல் விடக்கூடும். கடலோர ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீர் காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகப் படிவதால், குடிநீர் வாரியத் தண்ணீரை அல்லது சேமித்த மழைநீரைப் பயன்படுத்தி, மென்மையான ரப்பர் துடைப்பானால் வழித்துவிட வேண்டும். சோப்புத்தூளும் சொரசொரப்பான நாரும் கண்ணாடியின் மேற்பூச்சைக் கெடுக்கும். காசிமேட்டிலும் மீனவர் குடியிருப்புகளிலும் மொட்டை மாடியில் கருவாடு காய வைக்கும் இடத்தைத் தகடுகளிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. கருவாட்டுக்கு வரும் பறவைகளின் எச்சம் தகட்டில் ஒட்டினால் அந்த இடத்து செல் அளவுக்கு மீறிச் சூடாகிக் கருகக்கூடும்.

கடலுப்பு வேறு வகையில் கேடு செய்கிறது. அது கண்ணாடியை விட உலோகத்தையே அரிக்கும். விலைப்பட்டியலில் கீழ் வரியில் சிறிய எழுத்தில் இருக்கும் தாங்கு சட்டமும் திருகாணிகளுமே இங்கு அமைப்பின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புச் சட்டமோ, மேற்பூச்சிட்ட அலுமினியச் சட்டமோ கேட்டு வாங்க வேண்டும். வர்ணம் மட்டும் பூசிய இரும்பு இரண்டு மழைக்காலத்துக்குள் துருவேறத் தொடங்கும். கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் தேவை. 304 தரம் உள்தெருக்களுக்குப் போதுமானது. சட்டத்தை வெட்டவோ துளையிடவோ நேர்ந்தால், வெட்டிய வாயில் அன்றே துத்தநாகப் பூச்சு இட வேண்டும். தகடுகள் உப்புமூட்டச் சோதனையான ஐ.இ.சி. 61701-இல் தேறியவையா என்று சான்றிதழில் பார்க்க வேண்டும். எண்ணூர்வாசிகள் அத்துடன் அமோனியா அரிப்புச் சோதனையான ஐ.இ.சி. 62716-ஐயும் கேட்பது தகும். அது முதலில் மாட்டுத் தொழுவங்களின் கூரைகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. ஆயினும் உர ஆலைகளும் அமோனியாக் குழாய்களும் உள்ள இடத்தில், அதிலும் 2023 டிசம்பர் 26 இரவில் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறிய பின், அச்சான்றிதழைக் கேட்பது மிகையாகாது.

கூரையும் காற்றும் வெள்ளமும்

ராயபுரத்தின் பழைய வீடுகளில் பல மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரை கொண்டவை. அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசியவை. இக்கூரையில் துளையிட்டால் நீர் இறங்கி உத்திரம் உளுத்துப்போகும். துளையிடாமல் கான்கிரீட் கட்டைகளை எடைக்காக வைத்தால் உத்திரம் வளையும். இத்தகைய வீட்டில் சட்டத்தின் சுமை முழுவதும் சுவர்களின் மேல் இறங்குமாறு, சுவரிலிருந்து சுவருக்கு இரும்பு உத்திரம் இட்டு அதன் மேல் தகடுகளை அமர்த்த வேண்டும். கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதித் தராமல் வேலையைத் தொடங்கக் கூடாது. கல்நார் ஓட்டின் மேல் நேரடியாகத் தகடு பொருத்துவது எந்நிலையிலும் தவறு.

கான்கிரீட் தளமுள்ள வீடுகளுக்கு இடமே சிக்கல். ஒரு கிலோவாட்டுக்கு, நடக்கவும் துடைக்கவும் வேண்டிய வழியோடு சேர்த்து, நூறு சதுர அடி ஒதுக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, ஒட்டி எழுந்த பக்கத்து வீட்டின் மேல் மாடி ஆகியவற்றின் நிழல் வீழும் குறுகிய மனைகளில், ஒரு தகட்டில் விழும் நிழல் தொடராக இணைத்த மற்றத் தகடுகளின் உற்பத்தியையும் இழுத்துவிடும். அங்கே ஒவ்வொரு தகட்டுக்கும் தனியாக இயங்கும் சிற்றின்வெர்ட்டர்கள், விலை கூடினாலும், பொருத்தமானவை. தகடுகள் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருப்பது சிறப்பு. மனை அதற்கு இடம் தராவிட்டால் கிழக்கும் மேற்குமாகக் குறைந்த சாய்வில் பொருத்தினாலும் இழப்பு பெரிதன்று.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வீசிய காற்று, மாடிகளில் சரியாகப் பிணைக்கப்படாத எதையும் விட்டுவைக்கவில்லை. துணி காயப்போடவும் நிழலுக்கும் வசதியாக எட்டு அடி உயரத்தில் தகடுகளை ஏற்றிக் கட்டுவது இன்று பரவலாகியுள்ளது. அந்த உயரம் காற்றின் பிடிப்பைப் பல மடங்காக்கும் என்பதால், சட்டம் எந்தக் காற்று வேகத்தைத் தாங்க வடிவமைக்கப்பட்டது என்பதை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தாழ்வான தெருக்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. மணலியிலிருந்து எண்ணெய் கலந்த நீரும் பரவி எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. இன்வெர்ட்டரைத் தரைத்தளத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல், மேல்தளத்தில் நிழலும் காற்றோட்டமும் உள்ள சுவரில், நீரும் தூசியும் புகாத ஐ.பி. 65 அல்லது அதற்கு மேற்பட்ட உறையோடு பொருத்த வேண்டும் என்பதற்கு அந்த வெள்ளமே போதிய காரணம். மின்னலைத் தாங்கும் கம்பியும் எர்த்திங்கும் தனித்தனியாக இடப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

மின்தடையின்போது சூரிய மின்சாரம் வீட்டை நடத்தும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. மின்வலையோடு இணைந்த சாதாரண அமைப்பு மின்தடை ஏற்பட்ட கணமே தானாக நின்றுவிடும். தெருவில் கம்பி பழுதுபார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. மின்தடையிலும் விளக்கும் விசிறியும் ஓட வேண்டுமானால் மின்கலத்தோடு கூடிய ஹைப்ரிட் அமைப்பு வேண்டும். அதன் கூடுதல் செலவை மின்கட்டண மிச்சத்தால் ஈடுகட்ட முடியாது. ஆகவே அதை வசதிக்கான செலவாகவே கொள்ள வேண்டும்.

விண்ணப்பமும் அதற்குப் பின்னும்

பி.எம். சூர்ய கர் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு பதிவு செய்வதே தொடக்கம். பத்து கிலோவாட் வரையான வீட்டு அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என 2024-இல் மத்திய விதிகள் திருத்தப்பட்டன. இணைப்புக்கு இசைவு பெற்ற மின்பளு, அதாவது வீட்டார் பேச்சில் லோடு, தகட்டின் திறனை விடக் குறைவாக இருந்தால் அதை உயர்த்திக்கொள்ள வேண்டும். இணைப்பு தாத்தா அல்லது முன்னாள் உரிமையாளர் பெயரில் இருக்கும் வீடுகள் வடசென்னையில் மிகுதி. மானியம் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கே வருவதால், பெயர் மாற்றத்தை முதலில் முடிக்காவிட்டால் பணம் தேங்கிவிடும். மானியம் பெற, இந்தியாவில் செய்த செல்களைக் கொண்ட இந்தியத் தகடுகளையே, பதிவு பெற்ற நிறுவனத்தின் வழியாகவே நிறுவ வேண்டும்; ஐந்து ஆண்டுப் பராமரிப்பு அந்த நிறுவனத்தின் கடமை. அந்தப் பராமரிப்பில் துருப்பிடித்த சட்டத்தை மாற்றுவதும் அடங்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

அடுக்ககங்களில் தனி வீட்டாருக்கு மாடியில் தனி உரிமை இல்லாததால், மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்பில் தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது. இலவச யூனிட் ஏதுமின்றி முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விலை கொடுக்கும் அவ்விணைப்புக்குச் சூரிய மின்சாரத்தின் பலன் கூடுதல். குடியிருப்போர் நலச் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. எர்ணாவூர் முதலிய இடங்களில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய அடுக்ககங்களின் பரந்த கூரைகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. அங்கு வாழ்வோர் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு வாரியத்தின் இசைவைக் கோர வேண்டும். வாடகைக்குக் குடியிருப்போருக்கு இத்திட்டம் நேரடியாக உதவாது என்பது அதன் பெரிய குறை. வாடகைதாரர் செய்யக்கூடியது முன்னர்க் கூறிய விசிறி மாற்றம். வீடு மாறும்போது விசிறியையும் கழற்றி எடுத்துச் செல்லலாம்.

நெட் மீட்டர் பொருத்திய பின் வரும் முதல் இரண்டு கணக்கீடுகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். மீட்டரின் திரையில் வந்த யூனிட்டும் அனுப்பிய யூனிட்டும் மாறி மாறித் தோன்றும். ரீடிங் எடுக்கும் நாளில் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கணக்கில் அனுப்பியது கழிக்கப்பட்டிருக்கிறதா, முந்தைய வரவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். பிழை இருந்தால் முதலில் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளரையும் அணுகலாம். இன்வெர்ட்டர் செயலியில் பதிவாகும் உற்பத்தி எண்ணும் மீட்டரில் அனுப்பியதாகப் பதிவாகும் எண்ணும் ஒன்றாக இரா என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பகலில் வீட்டிலேயே செலவான யூனிட்டுகள் மீட்டரைத் தொடாமலே போய்விடுகின்றன, அவ்வேறுபாட்டை வைத்து மனுக் கொடுத்தால் அது நிராகரிக்கப்படும்.